பார்க்காமல் எழுதிய எண்கள்

அன்புள்ள சின்னவளுக்கு,

ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணிபோலக் காத்துவரட்டும். இங்கே நானும் அம்மாவும் சுகம். சுகம் என்று எழுதும்போதே பேனா கொஞ்சம் தயங்குகிறது, ஏன் என்று சொல்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. போன கடிதத்தில், ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்தால் ஜெபிக்கக்கூடத் தெம்பில்லை, ஆலயத்துக்குப் போயே மூன்று மாதமாகிறது, உள்ளே வறண்டுபோய்க் கிடக்கிறது, உங்களுக்கு மட்டும் எப்படியப்பா மனசு எப்போதும் நிறைந்திருக்கிறது என்று கேட்டிருந்தாய். அதைப் படித்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. சனிக்கிழமை காலை சலவை ஆலையின் பாய்லர் அறையில் உட்கார்ந்து, உனக்கு ஒரு பிரசங்கமே எழுதத் தொடங்கினேன். இடைஞ்சல் வேண்டாம் என்று ஒன்பது மணி, பத்து மணி, பதினொரு மணி மூன்றுக்கும் உரிய அழுத்த அளவை ஒரே மூச்சில் நோட்டில் எழுதிவைத்தேன். அப்போது மணி எட்டே முக்கால்.

இது அன்றைக்கு மட்டும் நடந்ததில்லை மகளே. மணிக்கொரு தடவை எழுந்துபோய் மீட்டரைப் பார்க்க வேண்டும், வாரம் ஒருமுறை ஏணியில் ஏறி, அழுத்தம் மிஞ்சினால் நீராவியை வெளியே விடுகிற சேஃப்டி வால்வைத் தூக்கிப் பார்த்து 'சரி' என்று கையெழுத்துப் போட வேண்டும். நான் நாற்காலியிலிருந்தே போட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் வேதம் வாசித்தேன், ஞாயிறு பாட்டுக்குச் சுருதி பார்த்தேன், சபையில் எல்லோரும் என்னைப் பக்திமான் என்றார்கள். உன் கடிதம் பக்கத்தில் விரிந்து கிடக்க, இன்னும் வராத மணிகளின் எண்கள் மை காயாமல் கிடந்ததைப் பார்த்தேன். எழுந்து ஏணியில் ஏறினேன். வால்வின் கைப்பிடியை யாரோ இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள், நீராவி மிஞ்சினால் பாய்லரே வெடித்துவிடும். கம்பி துருவேறியிருந்தது, அப்படியானால் மாதக்கணக்காகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் பதினொரு பெண்கள் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்கள், அவர்கள் சிரிப்பது எனக்குக் கேட்டது.

முதலில் தீயை அணைத்தேன். அழுத்தம் இறங்கும்வரை மீட்டரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை, பிறகு கம்பியை வெட்டினேன். அந்த அரை மணி நேரம் நான் தனியாக இல்லை என்று அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. முப்பது வருடம் பாடியும் அந்த நிறைவு எனக்குக் கிடைத்ததில்லை. நீ கேட்டதற்கு என்னிடம் உள்ள பதில் இவ்வளவுதான். மேனேஜர் ஓடிவந்தார். வால்வு ஒழுகி அழுத்தம் இறங்குகிறது என்று எட்டு மாதத்துக்கு முன்னால் கட்டச் சொன்னதே அவர்தானாம். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னார்: "எட்டு மாசமா சரின்னு கையெழுத்து போட்டது யாரு? விஷயம் வெளிய போனா முதல்ல மாட்டுறது நீங்கதான்." அத்தோடு என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். போகிற வழியில் இஸ்திரி போடுகிற பெண்களிடம் சொன்னேன். அவர்களில் மூத்தவள், "வேலைய விட்டுட்டு எங்கண்ணே போறது? எங்களுக்காக ஜெபம் பண்ணிக்கோங்க" என்றாள்.

நேற்று ஆராதனையில் வாய் திறந்தேன், பாட்டு வரவில்லை. முடிந்ததும் போதகர் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அவர் என் தோளில் கைவைத்து ஜெபிப்போம் என்றார். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "ஜெபிச்சாச்சுல்ல, இப்ப எழுதிக் குடுங்க" என்றாள். அரசாங்கப் பாய்லர் ஆய்வாளருக்குப் புகார் எழுதிவிட்டேன், என் பொய்க் கையெழுத்துகளையும் சேர்த்துத்தான். இன்று காலை ஜன்னலைத் திறந்தால் ஆலைப் புகைபோக்கியில் புகை. புது ஆளைப் போட்டிருக்கிறார்கள். வால்வை மறுபடி கட்டிவிட்டார்களாம், தெருமுனையில் டீ குடிக்க வந்தபோது அவனே சொன்னான், நான் ஆபத்தைச் சொல்லச் சொல்லச் சிரித்தான். பெண்கள் ஏழரைக்கே உள்ளே போய்விட்டார்கள். பாய்லர் ஆய்வாளருக்குப் போன் அடித்தால் எடுக்க ஆளில்லை, அலுவலகம் பத்து மணிக்குத்தான் திறக்குமாம். இப்போது எட்டேகால். இதை எழுதும்போது பாத்திரம் விழுந்தால்கூட உடம்பு தூக்கிப்போடுகிறது. புகாரோடு அந்த அலுவலக வாசற்படியிலேயே போய் நிற்கப்போகிறேன், அம்மாவும் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாள்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். நோயாளியின் காய்ச்சலை அளந்து பார்த்த பிறகே அட்டையில் எழுது, அப்படி எழுதும்போது நீ ஜெபத்தில்தான் இருக்கிறாய். கர்த்தர் உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பாராக. ஒன்று மறக்காதே, அந்தக் கையெழுத்துகளுக்காக என்னைப் பிடித்து வைத்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது நான் பேச முடியாமல் போகலாம். அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்று அம்மா சொன்னால் நம்பாதே, அவளுக்குப் பொய் சொல்ல வராது. அப்பா எங்கே என்று நேராகக் கேள், சொல்லிவிடுவாள்.

என்றும் உன் நினைவோடு,
அப்பா