இடது கை கணக்கில் வருமா?

வெள்ளி, இரவு

இன்று என்னைச் சாரணியர் படையில் சேர்த்துக்கொண்டார்கள். மூன்று விரலை உயர்த்தி உறுதிமொழி சொன்னதும், அணியில் எல்லோருக்கும் இடது கையால் கைகொடுக்க வேண்டுமாம். வீட்டில் இடது கையை நீட்டினால் அம்மா திட்டுவாள். இங்கே மட்டும் ஏன் அப்படி? கேட்டே விட்டேன்.

"அந்தக் காலத்துல வீரங்க இடது கையிலதான் கேடயம் பிடிப்பாங்க. அதைக் கீழ வெச்சுட்டு, உன்னை நம்புறேன்னு கை குடுக்குறதும்மா" என்றார் டீச்சர்.

எங்கள் அணித் தலைவி கவிதா. தீபாவளியிலிருந்து நாங்கள் இருவரும் காய் விட்டிருக்கிறோம், பேச்சே இல்லை. ஆனாலும் கை கொடுத்தாள். உள்ளங்கை வியர்த்திருந்தது.

நீடாமங்கலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது, "அப்போ நாம பழமா?" என்று கேட்டேன்.

"இடது கையெல்லாம் கணக்குல வராதுடி. இன்னும் காய்தான்" என்றாள். சொல்லிக்கொண்டே, கோணலாகக் கிடந்த என் ஸ்கார்ஃபை இழுத்து நேராக்கினாள். இரண்டு கையாலும்.