தனத்தின் ஐந்தாவது டேக்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே வேர்வை. கத்திரி முடிந்துவிட்டதாம். சைதாப்பேட்டை ஸ்டேஷனுக்குத் தகவல் வரவில்லை போல. மாம்பலத்தில் இறங்கி, தி.நகர் எடிட் ரூம் மாடிப்படி ஏறுவதற்குள் ஜாக்கெட் முதுகோடு ஒட்டிவிட்டது. ஏ.சி. ஆளுக்கு மறுபடி போன் போட வேண்டும்.

புது வேலை. கேன்சர் வந்த குழந்தைகளுக்கு நன்கொடை கேட்கும் படம், இரண்டு நிமிஷம், ஒரு அறக்கட்டளைக்காக. டைரக்டர் சேகர். காலேஜிலிருந்து தெரிந்தவன், அந்த உரிமையில் அதட்டுவான்.

படத்தில் பேசுகிறவர் தனம். நொச்சிக்குப்பத்தில் ரோட்டோரம் மீன் விற்கிறவர். மகள் சந்தியா, பதினோரு வயது. ரத்தத்தில் கேன்சர் வந்து, வைத்தியம் பார்த்து, இப்போது குணமாகிவிட்டது. ஒரே கேள்விக்கு ஐந்து டேக். ஐந்தையும் அடுக்கி ஒரே கிளிப்பாக்கினேன். ஒரு கீயைத் தட்டினால் போதும், அதே இடத்தில் அடுத்த டேக் வந்து உட்காரும். வசதிதான்.

டே.1, அதாவது முதல் டேக். சிரித்துக்கொண்டே பேசுகிறார். "இப்ப நல்லா கீது சார். டாக்டரே சொல்ட்டாரு, இனிமே பயம் இல்லன்னு. ரெண்டு இட்லி துண்ண மாட்டா, இப்ப நாலு துண்றா. ஸ்கூல் தொறந்ததும் அனுப்பப் போறேன்."

கேமரா ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. வெளியிலிருந்து சேகர் குரல்: "அம்மா, இது வேணாம். அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அதைச் சொல்லுங்க. இப்ப நடக்கிற மாதிரி."

"அதான் போய்ச்சே சார். அத இன்னாத்துக்கு இப்ப இழுத்துக்கினு?"

"மத்த குழந்தைங்களுக்கு உதவும்மா."

2, 3, 4: தடுமாறுகிறார். நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில், மொட்டைத் தலையோடு சந்தியா படுத்திருக்கும் பழைய போட்டோவைக் கையில் கொடுக்கிறார்கள்.

டே.5. "எம்பொண்ணு பொழைக்குமான்னே தெரியல சார்." பிறகு அழுகை. உண்மையான அழுகை. கட் சொன்னதும் முந்தானையால் முகத்தைத் துடைத்து, "போதுமா சார்? மீன் வெயில்ல கீது" என்கிறார்.

சேகர் வாட்ஸ்அப்: அஞ்சு தான். கண்ணை மூடிட்டுப் போடு.

ஜூன் 4, புதன்

ஏ.சி. ஆள் வரவில்லை. மதியம் தயிர் சாதம், புளித்துவிட்டது.

பெயர் போடுவதற்காகத் தனத்துக்குப் போன் செய்தேன். பின்னால் பஸ் ஹாரன், யாரோ வஞ்சிரம் விலை கேட்கிறார்கள். "தனம்னே போடுக்கா. படம் எப்ப வரும்? பாப்பா பாக்கணும்னு உயிர வாங்குது."

அழுகிற டேக்தான் வரப்போகிறது என்று சொல்லியிருக்கலாம். வரும்போது சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

டே.1 வைத்து ஒரு வெர்ஷன் செய்தேன். நன்றாக இருந்தது. அனுப்பவில்லை. அனுப்பினால் என்ன பதில் வரும் என்று தெரியும்.

ஜூன் 6, வெள்ளி

சேகர் நேரில் வந்தான். டே.5 வெர்ஷனையே காட்டினேன். கடைசியில் என் பங்குக்கு ஒரு வரி மட்டும் சேர்த்திருந்தேன்: சந்தியா இப்போது நலம்.

"இதை எடு."

"உண்மை தானே?"

"நலம்னா எவன் குடுப்பான் ராஜி?"

எடுத்தேன். அடுத்து, "மத்த டேக் எல்லாம் தூக்கிடு. கிளையண்ட் பாத்தா கொழம்புவாங்க." தூக்கினேன். புராஜெக்டிலிருந்து மட்டும். படம் பிடித்த ஃபைல்கள் டிஸ்க்கில் கிடக்கின்றன. இதை எதிர்ப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளக் கூடாது.

ஐந்தாம் டேக்கில் அழுகைக்கு முன் சின்ன இடைவெளி. அதை இன்னும் கொஞ்சம் நீட்டினேன். யாரும் கேட்கவில்லை. கை பழகியிருக்கிறது.

ஜூன் 14, சனி

படம் வெளியாகி நாலு நாள். சேகரிடமிருந்து கைதட்டும் பொம்மைகள். அக்காகூட ஃபார்வர்ட் செய்திருக்கிறாள்: பாத்தியாடி, பாவம் அந்தப் பொம்பள. நான் எடிட் செய்தது என்று அவளுக்குத் தெரியாது. சொல்லவில்லை.

ரேஷன். கேஸ் புக் செய்ய. தலைக்கு டை.

ஜூன் 17, செவ்வாய்

தனம் போன். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஸ்கூலில் கூடப் படிக்கிற பெண்கள் வீடியோவைக் காட்டியிருக்கிறார்கள். ஒருத்தி சந்தியா பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றாளாம். டீச்சர் சந்தியாவைக் கட்டிக்கொண்டு அழுதாராம்.

"அதுலேர்ந்து சரியா சோறு துண்லக்கா. நீ எங்கிட்ட மறைக்கிற, நான் சாவப் போறனான்னு கேக்குது. டாக்டர்ட்ட போயிக் காட்டுனேன். அவரு நல்லா கீறன்னு சொன்னாலும் நம்பல."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நான்தான் பேசுனேன், இல்லன்னு சொல்லல. ஆனா மொதல்ல நல்லா கீதுன்னு சொன்னேனே, அது எங்க போச்சுக்கா?"

இருக்கிறது, நாளைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன்.

சேகருக்குப் போன். வீடியோவை நெட்டிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். "நல்லா போயிட்டிருக்கும்போதா? குழந்தை தானே, மறந்துடும். முதல்ல அவங்களுக்கு உன் நம்பரை ஏன் குடுத்த?"

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வைத்தேன். இனி அவன் வேலை வராது. வராமல் போகட்டும்.

ஜூன் 18, புதன்

லேசான தூறல், புழுக்கம் குறையவில்லை. பள்ளி விட்டதும் வந்தார்கள். சந்தியா யூனிஃபார்மில். முடி காது வரை அடர்த்தியாக வளர்ந்திருக்கிறது. பிஸ்கட் கொடுத்தேன். வாங்கி மேஜை மேல் வைத்துவிட்டாள்.

டே.1 போட்டேன். திரையில் தனம் சிரிக்கிறார், நாலு இட்லி என்கிறார். தனம் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு வாட்டி போடுங்க," என்றாள் சந்தியா.

போட்டேன்.

"அந்த அழுவுறதையும் இதே எடத்துலதான் எடுத்தாங்களா?" திரையைக் காட்டிக் கேட்டாள்.

"ஆமாம்மா, அதே இடம். அதே நாள்."

"அதே பொடவ," என்றாள். "அதுல அந்த சார் சொல்லிக் குடுத்து அம்மா சொன்னாங்க இல்ல?"

"ஆமாம்."

"இதுக்கு இன்னா சொல்லிக் குடுத்தாரு?"

"ஒண்ணுமே சொல்லலடி," என்றார் தனம். "இது நானா சொன்னது. அக்காவ கேளு."

என் பக்கம் திரும்பினாள். உன் அம்மா சொல்வது சத்தியம், நீ நன்றாக இருக்கிறாய் என்றேன்.

"நீங்களும் அந்த சார் கூட தானே வேல செய்றீங்க?" என்றாள்.