சங்கிலி உள்பக்கம்

நவம்பர் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். எட்டே முக்காலுக்குக் கிளம்பியாக வேண்டும். அப்பாவுக்குத் திருநெல்வேலியில் பதினொரு மணிக்கு டயாலிசிஸ். பிளாஸ்க், போர்வை, ரிப்போர்ட் ஃபைல், பிளாஸ்டிக் பை நான்கு (திரும்பும்போது வாந்தி வரும்). எல்லாம் தயார். கார் ஷெட்டின் ஷட்டர் மட்டும் ஏறவில்லை.

ரிமோட்டை அழுத்தினால் மேலே மோட்டார் உறுமுகிறது. ஷட்டர் அசையவில்லை. செய்து பார்த்தவை:

ரிமோட் பேட்டரி மாற்றியது.
வெளிச் சுவரில் உள்ள சாவி சுவிட்ச். அதே உறுமல்.
மெயினை அணைத்து, ஐந்து நிமிடம் விட்டுப் போட்டது.
அடித்தகட்டைப் பிடித்து இரண்டு கையாலும் தூக்கியது. நகம் போனது.
காலால் உதைத்தது. காரணம் இல்லை.

மோட்டார் வைத்ததே அப்பாவுக்காகத்தான். டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக இடது கையில் ஆபரேஷன் ஆனபின் அந்தக் கையால் எதையும் தூக்கக் கூடாது என்றார்கள். இவர் ஷட்டர் தூக்குவதை விடுவதாக இல்லை. ஆகவே மோட்டார்.

வாடகைக் காருக்குப் போன் செய்யவா என்றேன். வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினார். ஆகஸ்டில் எங்கள் கார் சர்வீஸுக்குப் போயிருந்தபோது வாடகைக் காரில் போனோம். திரும்பும் வழியில் பை விரிப்பதற்குள் வாந்தி. டிரைவர் சத்தமெல்லாம் போடவில்லை. "சீட் கவர் போன வாரம்தான் போட்டேன் சார்" என்றான், அவ்வளவுதான். அன்றிலிருந்து வேறு யார் வண்டியிலும் ஏற மாட்டேன் என்கிறார். அதட்டி வேலை வாங்கியே பழகிய மனிதர், அன்று தன் துண்டை எடுத்து அந்த சீட்டைத் துடைத்தார்.

பத்தரை மணிக்கு, இனிப் போய்ப் பயனில்லை என்றேன். அப்பா முகத்தில் வந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. மழைக்கு ஸ்கூல் லீவு விட்ட பிள்ளையின் முகம்.

"திறக்கலன்னா விடு மக்கா. ஒரு நாள் லீவுன்னு வச்சுக்கிடுவோம்."

டயாலிசிஸ் நர்ஸ் போனில் அப்படிச் சொல்லவில்லை. "ஏம்மா, லீவு போடுறதுக்கு இது ஆபீஸா? தண்ணி குறைங்க. இளநி, வாழைப்பழம் பக்கமே போகக் கூடாது. நாளைக்கே கொண்டு வரப் பாருங்க. வெள்ளிக்கிழமை தாண்டினா நான் பொறுப்பில்ல."

ஷட்டர் போட்ட கம்பெனி மதுரையில். சனிக்கிழமை ஆள் வருமாம்.

5, புதன்

மழை வலுத்திருக்கிறது. கரிசல் மண் செருப்போடு வாசல்வரை வருகிறது. எலக்ட்ரீஷியன் மாரியப்பன் அண்ணாச்சி பத்து மணிக்கு வந்தார், தலையில் சாக்கு. ஷட்டரில் காதை வைத்துக் கேட்டார், டாக்டர் மாதிரி.

"மோட்டாரு நல்லாத்தான் இருக்கு. கெப்பாசிட்டர் போயிட்டு. வெரல் தண்டி சாமான், அது இல்லன்னா இம்புட்டுப் பெரிய மோட்டார் சும்மா முனகும். மாத்துறது கால் மணி நேர வேலை."

"மாத்துங்க அண்ணாச்சி."

"மோட்டாரு உள்ளல்லா இருக்கு. கரண்டு இல்லாதப்போ கையால ஏத்த ஒரு சங்கிலி தொங்கும், அது எங்கன?"

"அதுவும் உள்ளதான்."

"சரி, வீட்டு வழியா உள்ள போற வாசல் எங்கன?"

அடைத்துவிட்டோம் என்றேன். என்னையே பார்த்தார். பிறகு அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டார். "நல்லா இருக்கு தாயி! உள்ள போனாத்தான் திறக்கலாம், திறந்தாத்தான் உள்ள போகலாம். எந்த இன்ஜினியர் போட்ட பிளான்?"

இன்ஜினியர் இல்லை. வாஸ்துக்காரர். சித்திரையில் அம்மா கூட்டி வந்தவர். கன்னி மூலையில் வாசல் இருந்தால் வீட்டுத் தலைவனுக்கு ஆகாது என்றார். அப்பாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. "உங்கம்மா ராத்திரி தூங்கவே மாட்டேங்கா. அடைச்சாத் தூங்குவான்னா அடைச்சிட்டுப் போகட்டும்" என்றார். கொத்தனார் செங்கல் அடுக்கியபோது நூல் பிடித்துக் கொடுத்தது நான். அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவள். வாயைத் திறக்கவில்லை. அந்தச் சங்கிலி அப்போதே உள்ளே தொங்கிக்கொண்டுதான் இருந்தது. மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடைத்த அடுத்த மாதம் அப்பாவின் கிரியாட்டினின் குறைந்தது. டயாலிசிஸ் தொடங்கியதும் அதே மாதம்தான். அம்மா கணக்கில் அதைக் குறைத்தது சுவர்.

ஷட்டரை வெட்டலாமா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். "காரு ஷட்டரை ஒட்டிக்கிட்டு நிக்கின்னு சொல்லுத. பொறி பறந்து பெட்ரோல் வண்டி மேல விழுந்தா? நான் வெட்ட மாட்டேன். சுவரு ஒத்தச் செங்கல்தான, அதை இடி."

அம்மா சமையல்கட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்தார். "சுவருல கை வைக்காண்டாம்" என்றார். திரும்பி உள்ளே போய்விட்டார்.

6, வியாழன்

அப்பாவின் கால் வீங்கியிருக்கிறது. கணுக்காலில் பெருவிரலால் அழுத்தினேன். குழி விழுந்தது, மேலெழும்பி வர எத்தனை நேரம் என்று எண்ணினேன். இருபதுக்கு மேல் எண்ணவில்லை.

தண்ணீர்: காலை 100 மி.லி., மாத்திரையோடு 50, மதியம் 100. ஒரு ஐஸ் துண்டு. இன்னொன்று கேட்டார். கொடுக்கவில்லை. கொடுக்காதபோது என்னைப் பார்த்த பார்வை.

மூன்று முறை கெஞ்சினேன். வாடகைக் கார்? மாட்டார். 108 ஆம்புலன்ஸ்? "தெருவே கூடிரும். நான் செத்துட்டேன்னு மாலை வாங்கப் போயிருவானுக." சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவில்லை.

மதியம் அம்மாவோடு சண்டை. தணிந்த குரலில், அப்பாவுக்குக் கேட்காமல்.

"சுவரை இடிச்சு அவருக்கு ஏதும் ஆயிட்டுன்னா?"

"இடிக்காம ஆயிட்டுன்னா?"

"நீ படிச்சவ. உனக்கு எதுவும் வேண்டாம். எனக்குப் பிடிச்சுக்கிட ஏதாச்சும் வேணும்லாட்டி."

எனக்கும் அப்படி ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும். நான் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு ரிமோட்டை. இன்றும் ஏழெட்டு முறை அழுத்தினேன்.

துணி காயவில்லை. வீடு முழுக்க ஈர வாடை. வாசிக்க எடுத்த புத்தகத்தில் ஒரே பக்கம் நான்கு தடவை.

இரவு அப்பாவால் படுக்க முடியவில்லை, மூச்சு முட்டுகிறது. முதுகுக்கு மூன்று தலையணை வைத்து உட்கார வைத்திருக்கிறோம். அம்மா கட்டில் காலைப் பிடித்தபடி தரையில்.

7, வெள்ளி

ஆஸ்பத்திரியில் எழுதுகிறேன். அப்பா மெஷினில். நான்கு மணி நேரம்.

காலை ஐந்தரைக்கு நான் எழுந்து வந்தபோது, அடைத்த சுவரில் மாட்டியிருந்த அம்மன் படத்தை அம்மா கழற்றிக்கொண்டிருந்தார். படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். ஆறு மணிக்குக் கடப்பாரையோடு வந்துவிட்டார்.

முதல் அடிக்கு அம்மா கண்ணை மூடிக்கொண்டார். ஏழாவது எட்டாவது அடியில் ஒரு செங்கல் அந்தப் பக்கம் விழுந்தது. பிறகு சரசரவென்று. ஆள் நுழையும் ஓட்டை ஆனதும் நான் உள்ளே போனேன். இருட்டு, எலி நாற்றம், சங்கிலி.

இழுத்தால் ஷட்டர் விரலளவு ஏறும். மறுபடி இழுக்க வேண்டும். நானும் அண்ணாச்சியும் மாறி மாறி. முதலில் தெருவின் ஈரம் தெரிந்தது, பிறகு யாரோ ஒருவரின் சைக்கிள் சக்கரம். இடுப்பளவு ஏறியபோது அழுகை வந்தது. கையை எடுத்தால் இறங்கிவிடுமோ என்று சங்கிலியை விடாமல் அழுதேன். "முழுசா ஏத்திட்டு அழு தாயி" என்றார்.

காரை வெளியே எடுத்து நிறுத்திவிட்டு அப்பாவிடம் வந்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடித்தது எல்லாம் கேட்டிருக்கும்.

"நான் வரலம்மா."

கார் நம்முடையது, சீட்டை முழுசாகச் சாய்த்துவிட்டேன், மெதுவாக ஓட்டுகிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அம்மா வந்தார். தலைமுடியில், புருவத்தில் எல்லாம் சிமென்ட் தூசி.

"உங்களுக்காக அடைச்சேன். உங்களுக்காக இடிக்க விட்டேன். இப்பம் வரலன்னா நான் என்னத்தப் போய்க் கும்பிட? எந்திரிங்க."

எழுந்தார். வேட்டி மாற்றக்கூட இல்லை.

நர்ஸ் எடை போட்டுப் பார்த்துவிட்டு என்னைத் திட்டினார். நியாயம்தான். ஆக்ஸிஜன் வைத்துத் தொடங்கினார்கள். ஒரு மணி நேரத்தில் மூச்சு சீரானது. காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். அப்படித்தான் தோன்றியது, மறைக்க வேண்டாம்.

பிறகு கண்ணைத் திறந்தார். என் உள்ளங்கையைத் திருப்பிச் சங்கிலி கீறிய இடத்தைப் பார்த்தார்.

"இந்த நாலு நாளு, மூச்சு முட்டினாலும் நல்லாத்தான் இருந்துச்சு, பாத்துக்க. எங்கயும் போகாண்டாம், ஊசி கிடையாது. உங்கம்மா பக்கத்துலயே இருந்தா."

போர்வையை இழுத்துவிட்டேன்.

"சுவரை இடிக்கலாமா, வெட்டலாமா, 108-க்குச் சொல்லலாமா. அந்த மாரியப்பன்ட்ட கேட்ட. நர்ஸ்ட்ட கேட்ட. அடுத்தாப்ல என்கிட்டயும் ஒரு வார்த்தை கேளு மக்கா. வரணுமா வேண்டாமான்னு."

"சரிப்பா."

தூங்கிவிட்டார். மெஷின் சுற்றுகிறது. இன்னும் இரண்டே கால் மணி நேரம். அடுத்தது செவ்வாய். கேட்க மாட்டேன். கேட்டால் சொல்லிவிடுவார்.