பென்சிலில் போட்ட டிக்

மார்ச் 3, செவ்வாய்

ஆய்வுக் கூட்டத்தை இனிமேல் என் நாத்தனார்தான் நடத்தப் போகிறாளாம். நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சிகிச்சையில் எங்கே தவறினோம் என்று எல்லாரும் உட்கார்ந்து பேசுகிற கூட்டம். நான் மூன்றாம் வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர், பதினெட்டு வருஷமாக. அவள் மருந்தகத்துக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

வீட்டுக்கு வந்தால் இவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. "தங்கச்சி கலக்கிட்டா பாத்தியா!" என்றார். பார்த்தேன் என்றேன். ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். போனேன்.

ஈசிஜி பேப்பர் சுருளை நீளமாக இழுத்துச் சுவரில் ஒட்டியிருந்தாள். இன்றைய விஷயம், இரண்டு பேருடைய ரத்தப் பாட்டில்கள் லேபிள் மாறிப் போனது. காலை ஆறு மணியிலிருந்து என்னென்ன நடந்தது என்று ஒவ்வொருவரும் போய் அந்தப் பேப்பரில் எழுத வேண்டும். யார் பெயரும் எழுதக் கூடாது. "யார் பண்ணாங்கன்னு நான் கேக்கவே மாட்டேன். அந்த நேரத்துல என்ன தெரிஞ்சுது, அது மட்டும் சொல்லுங்க." பழைய கூட்டங்களில் வாயே திறக்காத துப்புரவு அம்மாகூட எழுந்து, லேபிள் மிஷின் பக்கத்தில் விளக்கு எரிவதில்லை என்று சொன்னார். அதுதான் காரணம். சாயங்காலமே விளக்கு மாற்றிவிட்டார்கள்.

நல்ல கூட்டம். ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் வயிறு எரிகிறது. மட்டமாக நடத்தியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மார்ச் 6

கேன்டீனில் மூன்று பேர் என்னிடம் வந்து அவளைப் பாராட்டினார்கள். சொந்தக்காரியாம், எனக்குச் சந்தோஷமாக இருக்குமாம்.

மார்ச் 11, புதன்

என் வார்டிலிருந்து நேற்று மதியம் ஐசியூவுக்கு மாற்றிய ஓய்வுபெற்ற தபால்காரருக்குச் சாயங்காலம் வலிப்பு வந்திருக்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்டுவிட்டார். இப்போது பரவாயில்லை. நாலு வருஷமாக வலிப்பே வராத மனிதர். ரத்தத்தில் மருந்தின் அளவு குறைவாக இருக்கிறது, ஆனால் சார்ட்டில் காலை மாத்திரை கொடுத்ததாக டிக் இருக்கிறதாம். அப்படியானால் மாத்திரைதான் சரியில்லை என்கிறார்கள். போன மாதம்தான் என் நாத்தனார் அந்த மாத்திரையை வேறு கம்பெனியில் வாங்க ஆரம்பித்தாள்.

கேட்டதும் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஒரு நோயாளிக்கு வலிப்பு வந்த செய்தியைக் கேட்டு எனக்கு இப்படி. எழுதித்தான் வைக்கிறேன்.

மார்ச் 12, வியாழன்

எதற்காகப் போய்ப் பார்த்தேன்? தெரியவில்லை. நோயாளியோடு சார்ட்டின் ஜெராக்ஸ்தான் போகும். அசல் எங்கள் அலமாரியில் இருக்கும். எடுத்துப் பிரித்தேன்.

காலை எட்டு மணிக் கட்டத்தில் இருந்தது பென்சில் டிக்.

அது என் ஏற்பாடு. மாத்திரையை எடுத்துத் தட்டில் வைத்ததும் பென்சிலில் டிக். நோயாளி விழுங்கியதும் அதன் மேலேயே பேனா. எங்கள் வார்டில் மட்டும்தான் இந்தப் பழக்கம். இதற்காகப் பெரிய டாக்டர் கையால் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன், ஹாலில் மாட்டியிருக்கிறது. அன்று காலை தபால்காரரை வெறும் வயிற்றோடு ஸ்கேனுக்கு அழைத்துப் போனார்கள். திரும்பியதும் மூச்சுத் திணறல், நேரே ஐசியூ. மாத்திரை தட்டிலேயே இருந்துவிட்டது. ஜெராக்ஸில் பென்சிலும் பேனாவும் ஒரே கறுப்பு.

அவள் வாங்கிய மாத்திரையில் ஒரு குறையும் இல்லை. அவர் அதைச் சாப்பிடவே இல்லை.

சார்ட்டை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மார்ச் 19, வியாழன்

கூட்டம். பேப்பரில் காலை எட்டு மணிக்கு நேராக "மாத்திரை தரப்பட்டது" என்று ஐசியூ டாக்டர் எழுதினார். எனக்கு எதிரிலேயே எழுதினார். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பெரிய டாக்டர் சொன்னார்: "மருந்தகத்து மேலயே சந்தேகம் இருக்கறப்ப நீங்களே கூட்டத்த நடத்தறது சரியா வராதும்மா. விசாரணை முடியட்டும்." அவள் தலையாட்டினாள். சுருளைச் சுற்றினாள். ஒரு தடவை என்னைப் பார்த்தாள். அண்ணி ஏதாவது சொல்ல மாட்டாளா என்று பார்த்தாளோ? இல்லை, சும்மா பார்த்தாளோ?

ஒரு வாக்கியம் போதும். சொன்னால் என்ன ஆகும்? அவள் கூட்டம்தான் கண்டுபிடித்தது என்பார்கள், தவறு என்னுடையது என்பார்கள். இரண்டு பக்கமும் அவளுக்கே லாபம். சொல்லவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

அவள் வீட்டுக்கு வந்திருந்தாள். சாப்பிடவில்லை. "அண்ணி, நான் எல்லா பேட்ச் நம்பரையும் ரெண்டு தடவ பாத்துட்டேன். ஒண்ணுமே தப்பா தெரியல. எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்போல இருக்கு" என்றாள். இவர் என்னைப் பார்த்து, "நீ அங்கதான இருக்க, உனக்கு எதுவும் தெரியாதா?" என்று கேட்டார்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். எவ்வளவு இயல்பாக வருகிறது பொய்.

தெரியாமல் இருப்பதற்கும் தெரிந்து மறைப்பதற்கும் — வேண்டாம். நாளைக்குச் சொல்லிவிடலாம்.

மார்ச் 23

சொல்லவில்லை.

மார்ச் 27, வெள்ளி

ஐயோ.

முடிவெட்டும் கடை வைத்திருக்கிறவர், நாற்பத்தொரு வயது. இன்று பகல் என் வார்டிலிருந்து அறுவை வார்டுக்கு மாற்றினோம். அவருக்கும் வலிப்பு மாத்திரை உண்டு. அவரும் காலையில் ஸ்கேனுக்குப் போனவர். அதே பென்சில், அதே ஜெராக்ஸ். நான் அப்போது ஸ்டோரில் கையுறைப் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தேன். நாலு மணிக்குக் குளியலறைக்கு நடந்து போகும்போது வலிப்பு வந்து விழுந்திருக்கிறார். வலது மணிக்கட்டு மூன்று துண்டாக உடைந்திருக்கிறது. கத்தரி பிடிக்கிற கை.

பதினைந்து நாளாக எனக்குத் தெரியும். பதினைந்து நாள்! வாயத் தெறந்திருந்தா போதுமே. ஒரு வார்த்த. எவ மேலயோ இருக்கற கோவத்துக்கு யாரு கைய ஒடச்சிருக்கேன் நான்?

மார்ச் 28, சனி

காலையிலேயே மருந்தகத்துக்குப் போனேன். இரண்டு சார்ட்டின் அசலையும் அவள் மேசையில் வைத்தேன். அவள் பென்சில் டிக்கை விரல் நகத்தால் தேய்த்துப் பார்த்தாள். அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இது எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?"

"பன்னெண்டாந்தேதி."

"உங்க வீட்ல வந்து நான் பொலம்பினப்பவே தெரியுமா?"

"தெரியும்."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. "ஏன் அண்ணி?" என்று மட்டும் கேட்டாள். பிறகு அவளே சொன்னாள்: "என்மேல கோவம்னா என்கிட்ட காட்டியிருக்கலாம்ல."

உடனே எல்லா வார்டுக்கும் போன் போட்டாள். பதினோரு மணிக்குள் என் வார்டில் ஒரு பென்சில் இல்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

பெரிய டாக்டர் கூட்டத்தை மறுபடி அவளிடமே கொடுத்துவிட்டார். இரண்டு சம்பவத்தையும் ஒரே பேப்பரில் எழுதினோம். ஜெராக்ஸ், பென்சில், ஸ்கேனுக்குப் போனவருக்கு மாத்திரை மறந்துபோவது என்று காரணங்களை ஒவ்வொன்றாக எழுதினாள். நான் மறைத்ததை அவள் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டாள் என்று தெரிந்தது. பெயர் எழுதாத கூட்டம் இல்லையா, நான் பிழைத்துக்கொள்ளலாம். முதல் சம்பவத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் பேப்பர் வெறுமையாகக் கிடந்தது.

எழுந்து போனேன். அந்த வெறுமையில் எழுதினேன்: "ஒருவருக்குக் காரணம் தெரியும். சொல்லவில்லை. பொறாமை." பிறகு திரும்பி, "அது நான்தான்" என்றேன்.

ஐசியூ டாக்டர் பேனாவை மூடிமூடித் திறந்தார். என் நாத்தனார்தான் பேசினாள். "ஒருத்தருக்குக் கூட்டம் நடத்தறவங்களப் பிடிக்கலன்னா, அவங்க யார்கிட்ட போய்ச் சொல்றது? அதுக்கு வழி வெக்காதது கூட்டத்தோட தப்பு. அதையும் எழுதுவோம்." எழுதினாள்.

அவ்வளவு பெரிய மனசு அவளுக்கு எங்கிருந்து வருகிறது? அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

இவரிடம் சொல்லிவிட்டேன். இவர் சட்டையை மாட்டிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார்.

ஏப்ரல் 9, வியாழன்

கை உடைந்தவர் கட்டுப் போட்டதும் எங்கள் வார்டுக்கே திரும்பி வந்திருந்தார், இன்று டிஸ்சார்ஜ். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொந்த மனுஷிமாதிரி பாத்துக்கிட்டீங்க சிஸ்டர்" என்றார்.

"உக்காருங்கம்மா, ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன். பெரிய டாக்டரிடம் அனுமதி வாங்கியிருந்தேன். நாத்தனாரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மாத்திரை தவறியதைச் சொன்னேன். எனக்கு முன்பே தெரிந்திருந்ததையும் சொன்னேன். ஏன் என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

அந்த அம்மா கட்டிலைக் காட்டி, "அவர் கையில டிரிப்ஸ் ஊசி இன்னும் இருக்கு. அத வேற சிஸ்டர் வந்து எடுக்கட்டும்" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டு, போய் வேறு சிஸ்டரை அனுப்பினேன்.