பெட்டிக்கு மட்டும் ஏசி

இன்று காலை அந்தச் சின்ன அறையின் கதவைத் திறந்ததும் சூடேறிய தூசியின் வாடை முகத்தில் அடித்தது. நெடுநாள் கழித்து இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினால் வருமே, அந்த வாடை. ஏசி எப்போதோ நின்றுபோயிருந்தது. மேசைமேல் உங்கள் பெட்டி, நான்கு ஹார்டு டிஸ்க்கையும் வயிற்றில் வைத்துக்கொண்டு உறுமிக்கொண்டிருந்தது. புறங்கையை வைத்துப் பார்த்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல் அடிப்பதுபோலக் கொதித்தது. நீங்கள் வைத்துப் பார்ப்பதுபோலவே புறங்கையை வைத்திருக்கிறேன் என்று அப்புறம்தான் உறைத்தது. எரிச்சல்தான் வந்தது. போன பிறகும் என்னை இந்தப் பெட்டிக்குக் காவல் வைத்துவிட்டீர்கள்.

கல்ஃபில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையைக் குளிராக வைத்திருப்பதுதான் உங்கள் வேலை. வேலையை முடித்து முட்டத்து வீட்டுக்கு வந்தபோது மற்றவர்கள் கம்பளியும் அத்தரும் கொண்டுவந்தார்கள், நீங்கள் இந்தப் பெட்டியைக் கொண்டுவந்தீர்கள். நாம் படுக்கிற அறைக்கு மின்விசிறி, பெட்டிக்கு ஏசி. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். போட்டோ, வீடியோ, சபைக் கன்வென்ஷன் பாட்டு, கூட வேலை பார்த்தவர்கள் வீட்டுக் கல்யாணம் என்றீர்கள். போட்டோவுக்கு எதற்குப் பூட்டு, எதற்குப் பாஸ்வேர்டு? கேட்டால் சிரித்து மழுப்பினீர்கள். நான் சிரிக்கவில்லை. அத்தனை வருஷம் அந்நிய ஊரில் தனியாக இருந்த ஆம்பிளை, காலையில் எழுந்ததும் பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமல் ஒரு பெட்டியைப் போய்ப் பார்த்தால் எந்தப் பெண்பிள்ளைதான் சும்மா இருப்பாள்? உள்ளே ஒருத்தி இருக்கிறாள் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

நீங்கள் மட்டும் என்ன, எதை நம்பினீர்கள்? கரண்டை நம்பவில்லை. முட்டத்துக் கடல்காற்றை நம்பவில்லை. ஜன்னலைத் திறந்தால் உப்பு ஏறித் தகடு துருப்பிடிக்கும் என்றீர்கள். பெட்டிக்குப் பின்னால் பல்லி போனால்கூட என்னைச் சந்தேகமாகப் பார்த்தீர்கள். போனில் அந்தப் பெட்டியின் கணக்கைத் திறந்தால் நான்கு டிஸ்க்குக்கும் நேராகச் சூட்டின் அளவும் பச்சைப் புள்ளியும் இருக்கும், பச்சை என்றால் நலம் என்று அர்த்தம். அதையும் நம்பவில்லை. "பச்சை காட்டுதுன்னு நம்பிராத பிள்ளே. சாவுற அன்னைக்கும் அது பச்சைதான் காட்டும். தொட்டுப் பாக்கணும்," என்பீர்கள். பிறகு காதை ஒட்டி வைத்துக் கேட்பீர்கள். உறுமினால் பரவாயில்லை, கடகடவென்று தட்டினால் ஆபத்து என்பீர்கள். சூடு எவ்வளவு என்பதைவிட, போன வாரத்தைவிடக் கூடியிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுவதுதான் கெடுக்கும் என்று எனக்குப் பாடம் வேறு. நான் காதில் வாங்காததுபோலக் கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன்.

சந்தேகம் இருந்தாலும் வீட்டுக்கு வந்த பொருள் அல்லவா? நம் ஊரில் உறை போடாத பொருள் ஒரு வீட்டில் இருக்குமா? டிவிக்கு உறை, மிக்ஸிக்கு உறை, வேதப்புத்தகத்துக்கு உறை. நானும் உட்கார்ந்து வெள்ளை நூலில் லேஸ் பின்னி, ஓரத்தில் ரோஜாப்பூ வைத்து, நீங்கள் கருங்கல் ஊர்ச் சந்தைக்குப் போயிருந்த நேரம் பெட்டிக்குப் போர்த்திவிட்டேன். முன்னும் பின்னும் மூடி, அளவெடுத்துத் தைத்த சட்டைபோல அவ்வளவு பொருத்தமாக இருந்தது. நீங்கள் திரும்பி வந்தபோது பெட்டி கூவிக்கொண்டிருந்தது. பையைக்கூடக் கீழே வைக்காமல் ஓடினீர்கள்.

"ஏட்டி, அத எடுத்து மாத்து. மூச்சு முட்டிச் சாவக் கிடக்கு."

காற்று முன்னால் போய்ப் பின்னால் வரும் வழியை நான் ரோஜாப்பூ வைத்து அடைத்திருக்கிறேன் என்று பிறகு விளக்கினீர்கள். எனக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. நான் மூச்சு முட்டிக் கிடந்தால் இப்படி ஓடி வருவீர்களா என்றுதான் கேட்கத் தோன்றியது. அந்த உறையை மடித்து அலமாரியில் வைத்தீர்கள், தூக்கிப் போடவில்லை. அதையும் நான் நல்லவிதமாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் அந்த நாகர்கோவில் பயணங்கள் தொடங்கின. எலக்ட்ரீஷியன் தாசையன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போவீர்கள். பெட்டிக்கு ஃபேன் வாங்க வேண்டும், டிஸ்க் விலை விசாரிக்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். தேய்த்த சட்டை, முகத்துக்குப் பவுடர். ஃபேன் வாங்கப் போகிறவருக்குப் பவுடர் எதற்கு? பல நாள் வெறுங்கையோடு வந்தீர்கள். ஒரு தடவை நீங்கள் குளிக்கப் போனதும் சட்டையை எடுத்து மோந்து பார்த்தேன். செண்டு வாடை இல்லை, ஸ்பிரிட் வாடை அடித்தது. கேட்டேன். "கடைக்காரன் டிஸ்க்க ஸ்பிரிட் போட்டுத் தொடச்சுக் காட்டினான்," என்றீர்கள். பொய் என்று தெரிந்தது. எந்தப் பொய் என்றுதான் தெரியவில்லை. முகம் வெளிறிக் கிடக்கிறதே என்றால், "எனக்கு ஒண்ணும் இல்ல பிள்ளே, வெயிலாக்கும்," என்று சொல்லிவிட்டுப் பெட்டியைப் பார்க்கப் போய்விடுவீர்கள்.

ஒரு காலையில் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். பால் விடாமல் கட்டன்சாயா போட்டு எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு தாசையன் அண்ணன் வந்து என் முன்னால் நின்றார். தலையைத் தூக்கவில்லை. "ஃபேனும் இல்ல ஒண்ணும் இல்ல. நெஞ்சு டாக்டரையாக்கும் பாக்கப் போனோம். ஆப்பரேஷன் வேணும்னாரு. ஒங்ககிட்ட சொல்லப்பிடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்," என்றார். துபாயில் நர்ஸாக இருக்கும் நம் மகள் பக்கத்தில் நின்றாள். அவளுக்கும் தெரியாது. ஊராருக்கெல்லாம் ஊசி போடுகிறவளிடம்கூட நீங்கள் சொல்லவில்லை.

பெட்டியின் பாஸ்வேர்டு அவளிடம் இருந்தது. திறக்கச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒன்றையும் விடாமல் பார்த்தேன். போட்டோ, வீடியோ, கன்வென்ஷன் பாட்டு, யார் யாரோ வீட்டுக் கல்யாணம். நீங்கள் சொன்னதற்கு மேல் ஒன்றுமே இல்லை. உண்மையைச் சொல்கிறேன், அதில் ஒருத்தி இருந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவளை உட்கார வைத்துத் திட்டியிருப்பேன். நான் வருஷக்கணக்காகப் பெட்டியைச் சந்தேகப்பட்டேன். நீங்கள் மறைத்தது பெட்டியிலேயே இல்லை. பச்சைப் புள்ளியை நம்பாதே என்று எனக்குப் படித்துப் படித்துச் சொன்ன மனுஷன், தினமும் என் முன்னால் பச்சை காட்டிக்கொண்டு நடந்திருக்கிறீர்கள். இதை நான் மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று ஆலயத்தில் போதகர் ஐயரிடம் சொன்னது சும்மா.

இன்றைக்குப் பெட்டியை அணைத்து ஆறவிட்டேன். பின்பக்க ஃபேனில் அடைந்திருந்த தூசியைப் பிரஷ்ஷால் தட்டினேன். ஏசிக்காரனுக்குப் போன் செய்தேன். திரும்பப் போட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் போனில் பார்த்தால் நாலும் பச்சை. ஆனால் ஒன்றின் சூடு மற்றதைவிடக் கூடுதல், போன வாரத்தைவிடவும் கூடுதல். அதை மாற்ற வேண்டும். எத்தனையோ வீட்டுக் கல்யாணம் அதில் இருக்கிறது, உங்கள் குரலும் இருக்கிறது.

வேலை முடிந்து உட்கார்ந்தபோது மகள் கூப்பிட்டாள். "அம்மா, சுகமா இருக்கியளா?" என்றாள். "சுகம் மக்களே" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. போனை வைத்தேன். கொஞ்ச நாளாகக் காலில் நீர் கோத்துக்கொள்கிறது. ஆலயத்துப் படி ஏறினால் தலை சுற்றுகிறது. கண்காணாத இடத்தில் இருக்கிற பிள்ளையை எதற்குப் பயமுறுத்த வேண்டும் என்றுதான் மறைத்தேன். நீங்களும் இப்படித்தான் நினைத்திருப்பீர்கள் என்று புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை, கூடத்தான் செய்தது.

மறுபடியும் அவளைக் கூப்பிட்டேன். "சுகமில்ல மக்களே, நான் பொய் சொல்லிட்டேன்," என்று எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள். அழுதுகொண்டே, விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா, படுத்தால் மூச்சு இழுக்கிறதா என்று நர்ஸாகவும் கேட்டாள். நாளைக்குத் தாசையன் அண்ணன் என்னை டாக்டரிடம் கூட்டிப் போகிறார். அவரிடம் நான் எந்தச் சத்தியமும் வாங்கவில்லை. மகள் வெகுநேரம் அழுதாள், நான் நிறுத்தச் சொல்லவில்லை. ஆள் இருக்கும்போதே அழுவதற்கு அவளுக்காவது கிடைக்கட்டும்.