ஜெப்ஸியைத் திட்டாதே

புதுக்கோட்டை,
செவ்வாய்க்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான தம்பி நேசக்குமாருக்கு, அக்கா ஞானபாக்கியம் எழுதுகிறேன். பஹ்ரைனில் நீ சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். எதிர்வீட்டு ஜாபேஸ் லீவு முடிந்து வியாழக்கிழமை அங்கே வருகிறான், அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன், விஷயம் பாதியில் நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் உன் பெண்டாட்டியைத் திட்டியது அடுக்களை வரைக்கும் கேட்டது. கேன்சருக்குக் கரண்ட் வைக்கிற நேரத்தில் சாப்பிடாமல் கிடந்தாயே, உனக்கு அறிவு இருக்கா என்று கத்தினாய். ஜெப்ஸி, 'ஆமா, என் தப்புதான்' என்றாள். ஏலே, அது அவள் தப்பில்லை. உன் அக்கா தப்பு.

கரண்ட் என்கிற கதிர்வீச்சு சிகிச்சை தொடங்கும் முன்னே டாக்டர் ஷெர்லி எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார்கள். கர்ப்பப்பை வாயில் இருக்கிற கட்டிக்குள் ஆக்ஸிஜன் போய்ச் சேர வேண்டுமாம். ஆக்ஸிஜன் இருக்கிற இடத்தில்தான் கரண்ட் நன்றாகக் கொல்லும், இல்லாத இடத்தில் அதே அளவு வைத்தாலும் கட்டி பிழைத்துக்கொள்ளும். அதைச் சுமந்து போவது ரத்தம். உதிரப்போக்கில் இவளுக்கு ஏற்கெனவே ரத்தம் குறைவு. அதனால் முட்டை, மீன், ஈரல், இரும்புச்சத்து மாத்திரை எதையும் விட்டுவிடக் கூடாது என்றார்கள். முப்பத்துநாலு வருஷம் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்தியவள் நான். மண்டையை மண்டையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து என்ன செய்தேன் தெரியுமா? இருபத்தொரு நாள் தானியேல் உபவாசம் வைத்தேன். காய்கறியும் தண்ணீரும் மட்டும். நான் ஒருத்தி இருந்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அவளையும் இருக்க வைத்தேன். வெறும் வயிற்றில் மாத்திரை குமட்டுது என்றாள், அதையும் நிறுத்தச் சொன்னேன். ஐந்தாம் நாள், 'மைனி, ஒரே ஒரு முட்டை சாப்பிட்டுக்கிடட்டா' என்று கேட்டாள். ஏளா, நாக்கை அடக்க முடியாதவளுக்கு விசுவாசம் எங்கன இருக்கும் என்று கேட்டுவிட்டேன். அதன்பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு சீனித்தாய் ஈரல் வறுத்துக் கொண்டுவந்தாள். திருப்பி அனுப்பினேன். 'டீச்சர், சீக்காளி ஒரு வாய் சாப்பிட்டா எந்தச் சாமி கோவிச்சுக்கிடும்' என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

இரண்டாவது வாரம் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு பத்தரையிலிருந்து ஒன்பதுக்கு இறங்கியது. ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று டாக்டர் கேட்டார்கள். 'வஞ்சகமில்லாம சாப்பிடுதா' என்றேன். சர்ச்சில் நித்தம் ஜெபிக்கிற இந்த வாயால்தான் சொன்னேன். ரத்தம் ஏற்றிவிடலாம் என்றார்கள். ஒரு வாரம் பொறுங்கள் என்றேன். ஏன் தெரியுமா? சர்ச் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சாட்சி சொல்ல வேண்டுமே! யார் ரத்தமும் ஏற்றாமல் உபவாசத்தாலேயே சுகமானாள் என்று சொல்ல ஆசைப்பட்டேன். எழுதிக்கூட வைத்திருந்தேன். தூ, என் பெருமையில் இடி விழ.

மறுவாரம் ஏழே முக்கால். கரண்ட் அறை வாசலிலேயே மயங்கி விழுந்துவிட்டாள். டாக்டர் சத்தம் போட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ஜெப்ஸி முந்திக்கொண்டாள். மைனி வேளாவேளைக்குத் தரத்தான் செஞ்சாங்க, நான்தான் யாருக்கும் தெரியாம கொட்டிட்டேன் என்றாள். அந்தப் பொய்யை நான் மறுக்கவில்லை தம்பி. ரத்தம் ஏற்றி ஆட்டோவில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, 'அவுகளுக்குத் தெரிய வேண்டாம் மைனி, உங்க மேல உசுரையே வச்சிருக்காக' என்றாள். அதனால்தான் உன்னிடமும் அதே பொய்யைச் சொன்னாள்.

நேற்று நான் தனியாகப் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். போன மூன்று வாரமும் வீணா என்று கேட்டேன். முழுசாக வீண் இல்லை, எவ்வளவு போனது என்று இப்போது சொல்ல முடியாது, கடைசி ஸ்கேனில்தான் தெரியும் என்றார்கள். இரண்டு யூனிட் ஏற்றியதில் ரத்தம் பத்துக்குப் பக்கம் வந்திருக்கிறது. வெளியிலிருந்து வைக்கிற கரண்ட் இன்னும் எட்டு நாள். அப்புறம் கட்டிக்குப் பக்கத்தில் உள்ளேயே வைக்கிற கரண்ட் மூன்று தடவை. அதுவரை ரத்தம் இறங்காமல் நிற்க வேண்டும். மூன்று வேளையும் மீனும் ஈரலும் சமைக்கிறேன். வாய் கசக்கிறதாம். ஆனாலும் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதற்காக விழுங்குகிறாள்.

எப்படியாவது லீவு வாங்கி வா. வந்து என்னைத் திட்டு. போ என்றால் அடுத்த பஸ்ஸில் நாசரேத்துக்கே திரும்பிப் போய்விடுகிறேன். ஆனால் இதைப் படித்ததும் முதலில் அவளுக்குப் போன் போடு. திட்டியதற்கு மன்னிப்புக் கேள். எனக்கும் சேர்த்துக் கேள். நான் இன்னும் கேட்கவில்லை. கேட்டால், 'போங்க மைனி, அதுக்கென்ன' என்று சொல்லிவிடுவாள். அதைத் தாங்குகிற திராணி எனக்கு இல்லை.

கர்த்தர் ஜெப்ஸியை உனக்கென்று விட்டுவைப்பாராக.

உன் அக்கா,
ஞானபாக்கியம்