வாவியில் நான் வைத்த விளக்கு

ஆனி 9, செவ்வாய்

போன மாதம்தான் மின்கம்பிகளை ஈயத்தால் பற்றவைத்துச் சோல்டர் செய்யப் பழகினேன். தண்ணீரின் கலங்கலை அளக்க நானே செய்த முதல் கருவி, வாவியில் மூன்று வாரமாக மிதக்கிறது. தோணிகள் முட்டாமலிருக்க அதன்மேல் ஒரு சிறு விளக்கும் பொருத்தியிருந்தேன். ஒவ்வோர் இரவும் அந்த இடம் கலங்குவதாகக் கருவி காட்டியது. பெரிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டேன் என்று என் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியருக்கு ஒன்பது பக்கம் எழுதி அனுப்பினேன். அவருக்கும் ஒரே சந்தோஷம்.

இன்று பற்றரி மாற்ற ஆரையம்பதிக் கரைக்குப் போனேன். அங்கே மீன் பிடிக்கிற தவராசா அண்ணன் ஒரு பை இறாலை என் கையில் திணித்தார்.

"என்னத்துக்கு அண்ணன்?"

"உங்கட லைட்டுக்குத்தானே றால் கூடுது, தங்கச்சி. ராவு முழுக்க அதுக்குப் பக்கத்திலதான் வலை வீசுறம். கழட்டிராதீங்க."

வலை வீசினால் அடிச்சேறு கிளம்பாதா? வாவி தானாகக் கலங்கவில்லை. கலங்க வைத்தது என் விளக்கு.

இரவு அம்மா இறாலைப் பொரித்தார். விஷயத்தைச் சொன்னேன். "இன்னும் பெரிய லைட்டாப் போடன், புள்ள" என்றார்.

பேராசிரியருக்கு எழுத உட்கார்ந்து ஒரு மணித்தியாலம். "வணக்கம் சேர்" வரை வந்திருக்கிறது. கையில் இன்னும் இறால் மணம்.